முடி கொட்டுது, முகத்தில் மங்கு: தோல் டாக்டரிடம் போனால் என்ன நடக்கும்?

பாம்பன் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராகப் பதினான்கு வருடமாக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரைக்கு அடுத்தபடியாக எங்கள் கடையில் அதிகம் கேட்பது இரண்டு. முடி கொட்டாமல் இருக்க ஒரு மருந்து, முகத்துக்கு ஒரு கிரீம்.

போன ஆடி மாதம் ஒரு பெண் கேரி பேக்கில் ஒரு கொத்து முடியைச் சுருட்டிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள். "அண்ணே, நேத்து ஒருநாள் கொட்டுனது. எண்ணிக்கூட பாக்கல." பிரசவம் ஆகி நான்கு மாதம். கண் கலங்கியிருந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ போடும் தலைமுடி மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வந்திருந்தாள். அது மினாக்சிடில்.

அந்தக் கொத்திலிருந்து ஒரு முடியை உருவி, பில் புத்தகத்தின் வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினேன். ஒரு முனையில் ரவையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி இருந்தால் முடி தன் காலம் முடிந்து அடியோடு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு முனையும் வெறுமனே இருந்தால் அது நடுவில் ஒடிந்த முடி. கொட்டுவது வேறு, ஒடிவது வேறு. வைத்தியமும் வேறு வேறு. இதை வீட்டிலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அவளுக்கு மினாக்சிடில் கொடுக்கவில்லை. பால் கொடுக்கிற தாய்க்கு அதை நாமாகக் கொடுக்கக் கூடாது. அதோடு அவளுக்கு அது தேவையும் இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முடி வளரும் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு புரிந்துவிட்டால், தோல் டாக்டரிடம் போகும்போது எதை எதிர்பார்க்கலாம், எங்கே ஏமாற்றுகிறார்கள் என்பதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

முடியின் கணக்கு

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுசு. இரண்டு முதல் ஆறு வருடம் வரை மாதம் ஒரு சென்டிமீட்டர் போல வளரும். அப்புறம் வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு விழும். அதே குழியில் புது முடி முளைக்கும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகாததால்தான் தலை எப்போதும் நிறைந்து தெரிகிறது. ஆக ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு. வாரத்துக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது எல்லாம் அன்றைக்குச் சேர்ந்து வரும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும்.

உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால் இந்தக் கணக்கு கலைகிறது. பிரசவம், டெங்கு, டைபாய்டு, பெரிய அறுவை சிகிச்சை, சாப்பாட்டைக் குறைத்து அவசரமாக எடை குறைப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் அன்றைக்கே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக் கொத்தாக வரும். அதற்குள் காய்ச்சல் வந்ததை மறந்திருப்போம். அந்த வாரம் மாற்றிய ஷாம்பூ மேல் பழி போடுவோம், இல்லையென்றால் மாமியார் வீட்டுத் தண்ணீர் மேல். இந்த வகைக் கொட்டல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கி, முடி திரும்ப முளைக்கும். என் கடைக்கு வந்த பெண்ணுக்கு நடந்தது இதுதான். டாக்டரிடம் போனால் ஹீமோகுளோபின், இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார். குறை இருந்தால் அதைச் சரி செய்வார். அவ்வளவுதான் வைத்தியம்.

முடிக்கு நல்லது என்று விற்கிற பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பயோட்டின் குறைவது அபூர்வம். குறை இல்லாதவர்கள் அதை விழுங்கினால் முடிக்குப் பெரிய லாபம் இல்லை. ஆனால் அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற இரத்தப் பரிசோதனை முடிவையும் தவறாகக் காட்ட வைக்கும். சாப்பிடுகிறவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் சொல்கிற காரணம் உப்புத் தண்ணீர். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை போர் போட்டால் பல இடங்களில் உவர்ப்புதான் வருகிறது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, முடி சணல் மாதிரி முரடாகும், சீப்பு போட்டால் ஒடியும். அது உண்மைதான். ஆனால் முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. வெளியே ஊற்றுகிற தண்ணீர் அங்கே போய் வழுக்கையை உண்டாக்குவதில்லை. கடைசியாக இரண்டு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள், ஈரத்தோடு சிக்கெடுக்காதீர்கள், ஒடிவது குறையும். ராமேஸ்வரத்தில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் இதே கதைதான். வேண்டுதலுக்கு மொட்டை போடுங்கள், அது உங்கள் பக்தி. மழித்த முடியின் நுனி மொண்ணையாக இருப்பதால் தொட்டால் கனமாகத் தெரியும். குழியின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறாது.

சொட்டைக்கு மருந்து

இரண்டு பக்க நெற்றியும் ஏறுவது, உச்சியில் வட்டமாகத் தெரிவது, பெண்களுக்கு வகிடு அகலமாவது, இவை வேறு சங்கதி. பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் முடியை மெலிதாக்கிக்கொண்டே போகின்றன. தடித்த முடி பூனை முடியாகி, கடைசியில் குழி ஓய்ந்துவிடுகிறது. குழி உயிரோடு இருக்கும்போது மருந்து வேலை செய்யும். பளபளவென்று வழுவழுப்பாகிவிட்ட இடத்தில் மருந்துக்கு வேலை இல்லை.

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்வதைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. 2 சதவீதம், 5 சதவீதம் என்று வரும். ஆண்களுக்கு வழக்கமாக ஒரு மில்லி, காலை மாலை இரண்டு வேளை. முடியில் இல்லை, முடியை விலக்கித் தலைத்தோலில் படும்படி போட வேண்டும். போட்டபின் நான்கு மணி நேரமாவது தலை நனையக் கூடாது. கடலுக்குப் போகிறவர்கள் போட்டில் ஏறுவதற்குச் சற்று முன் போட்டால் வியர்வையும் கடல் தண்ணீரும் அடித்துக்கொண்டு போய்விடும். கரையில் இருக்கும் நேரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் கடையில் வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தில் பலருக்கு முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்ந்திருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுகிறது, அதனால்தான். இதைத் தெரியாமல் "மருந்து ஒத்துக்கல" என்று பாதியில் தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். இங்கே மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தடைக்காலம் முழுக்கப் போட்டாலும் மினாக்சிடில் ஒன்றும் காட்டாது. நான்கு முதல் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் கிடைத்தது எல்லாம் சில மாதத்தில் போய்விடும். பிரஷர் மாத்திரை மாதிரிதான், தொடர்ந்து போட வேண்டும். அரிப்பு, தோல் உரிவது வரலாம். பெண்களுக்கு வழிந்து இறங்கினால் கன்னத்தில் பூனை முடி வரும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மீனவர் வீடு என்றால் பூனை இல்லாமல் இருக்காது. மினாக்சிடில் பூனைக்கு நஞ்சு, கொஞ்சமாக நக்கினாலும் உயிருக்கு ஆபத்து. கை கழுவுங்கள், தலையணை உறையை மாற்றுங்கள், பூனையைப் படுக்கையில் சேர்க்காதீர்கள்.

ஆண்களுக்கு இன்னொரு மருந்து ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை. முடிக்காக அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. முடியை மெலிதாக்குகிற டி.எச்.டி. என்ற ஹார்மோனைக் குறைக்கிறது. இருக்கிற முடியைக் காப்பதில் கெட்டிக்கார மருந்து. நூற்றில் சிலருக்கு ஆண்மை தொடர்பான தொந்தரவும் மனச்சோர்வும் வரலாம். டாக்டர் இதைச் சொல்லாமல் எழுதினால் நீங்களே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள், ஆகக்கூடிய பெண்கள் இந்த மாத்திரையை உடைந்த நிலையில் தொடக்கூடக் கூடாது. வயிற்றில் வளரும் ஆண் குழந்தையைப் பாதிக்கும். கணவர் மாத்திரையை மனைவி உடைத்துக் கொடுக்கிற வீடுகள் நிறைய, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பி.ஆர்.பி. என்றால் நம் இரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரைப் பிரித்து, அதைத் தலையில் ஊசியாகப் போடுவது. மாதம் ஒருமுறையாக மூன்று தடவை போடுவது வழக்கம். வலிக்கும். சிலருக்கு நன்றாகப் பலன் தருகிறது, சிலருக்கு ஒன்றும் இல்லை. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. என் கருத்து, மினாக்சிடிலை ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டுப் பார்க்காதவர் பி.ஆர்.பி.க்குப் பணம் கட்டுவது அவசரம்.

புழுவெட்டுக்கும் சொட்டைக்கும் சம்பந்தமே இல்லை. காசு அளவில் வட்டமாக முடி போகும். புழு எதுவும் கிடையாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. சிலருக்குத் தானாகவே முளைக்கும். டாக்டர் அந்த வட்டத்துக்குள் சின்னச் சின்ன ஊசிகளாக மருந்து போடுவார், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. காரமான எதையும் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிவிட்டு வராதீர்கள்.

முடி நடுவதைப் பற்றிச் சொல்ல கீழக்கரையிலிருந்து வந்த ஒரு தம்பியின் கேள்வியே போதும். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான், இரண்டு மாதத்தில் நிக்காஹ். "காக்கா, இப்ப நட்டா கல்யாணத்துக்கு வந்துருமா?" (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.) வராது. பின்மண்டையில் இருக்கும் முடி ஹார்மோனுக்கு அசையாத முடி. அதை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு முழு நாள் உட்கார வேண்டும். அடுத்த சில நாள் நெற்றி வீங்கலாம். பொருக்கு உதிரப் பத்து நாள் ஆகும். அதற்குப் பிறகு, இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் நட்ட முடியெல்லாம் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும், மேலே தெரிவது மட்டும் போய்விடும். மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைத்து, முழுதாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். ஆக நிக்காஹ் மேடையில் அந்தத் தம்பி இப்போது இருப்பதைவிட மோசமாக இருந்திருப்பான். கல்யாணம் முடியட்டும், அடுத்த லீவில் பார்க்கலாம் என்று போய்விட்டான். நட்ட பிறகும் மருந்தை நிறுத்த முடியாது, ஏனென்றால் நடாத பழைய முடி மெலிந்துகொண்டேதான் இருக்கும். கடல் தொழில் பார்ப்பவர்கள் ஒரு மாதமாவது கடல் தண்ணீரும் நேர் வெயிலும் தலையில் படாமல் பார்க்க வேண்டும். தடைக்காலத்தில் செய்துகொண்டால் அந்த ஒரு மாதம் கிடைக்கும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு முடி நடக் கூடாது, முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. விளம்பரத்தில் டாக்டர் முகம் இருந்தால் போதாது. "என் தலையில் குழி போடுவது யார்?" என்று நேராகக் கேளுங்கள்.

மங்கும் கிரீமும்

மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்காக. வெயில் மேலிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டுத் திரும்பியும் அடிக்கும். அவர்களில் பலருக்கு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் காப்பிக் கறை மாதிரி மங்கு. கண்ணாடி மறைத்த வட்டம் மட்டும் வெளுப்பாக இருக்கும். அதைப் பார்த்தாலே வெயிலின் பங்கு புரியும். பரம்பரையும், கர்ப்ப கால ஹார்மோனும், கருத்தடை மாத்திரையும்கூட மங்கு வரக் காரணமாகும். இந்தக் கடலில் எடுக்கும் பாசியிலிருந்து வரும் கெட்டியாக்கும் பொருளை கிரீம்களில் சேர்க்கிறார்கள். அந்த கிரீம் டப்பா திரும்ப இதே பெண்களின் கைக்கு வரும்போது நல்லதாக வர வேண்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் என் மதினிக்கு வந்தது நல்லதாக இல்லை. கருவாடு காய வைக்கிற வேலை, முகத்தில் மங்கு. ஒரு அழகு நிலையத்தில் லேபிளே இல்லாத வெள்ளை டப்பாவில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. தெருவே கேட்டது, என்ன போடுற என்று. மூன்றாவது மாதம் கன்னம் சிவந்து, அடுப்புப் பக்கம் போனாலே எரிந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்பு நூல் நூலாகத் தெரிந்தது. தாடையில் பருவும் பூனை முடியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகி, திரும்ப அதையே போட வைத்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று. தோல் டாக்டர் அதைத்தான் சொன்னார். மெதுவாகக் குறைத்து நிறுத்தி, தோல் பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆனது. மங்கு அப்படியே இருந்தது.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், இந்தப் பெயர்களை டியூபில் பார்த்தால் அது ஸ்டீராய்டு. கரப்பானுக்கு டாக்டர் சொன்ன நாள் அளவுக்குப் போட்டால் அருமையான மருந்து. முகம் வெளுக்கப் போட்டால் இதுதான் கதி. 2018இல் இந்த வகைக் கிரீம்களை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று அரசு ஆக்கியது. சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை, அதனால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் பெயர் தெரியாத வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் இருப்பதும் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிறந்த நிறம் நோய் இல்லை, அதற்கு மருந்தும் இல்லை. குளுட்டாதியோன் ஊசி போட்டால் கலர் வரும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தோலை வெளுக்க என்று அந்த ஊசிக்கு இங்கே அனுமதி கிடையாது.

சரி, மங்குக்கு உண்மையான வைத்தியம் என்ன? முதலும் கடைசியும் வெயில் தடுப்பு. எஸ்.பி.எஃப். (வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று டியூபில் போட்டிருக்கும் எண்) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். தோல் நிறச் சாயம் கலந்த வகை மங்குக்கு இன்னும் நல்லது. தண்ணீரில் நிற்கிறவர்களுக்கும் கருவாட்டுப் பந்தலில் இருப்பவர்களுக்கும் இது முழுதாக நடக்காது என்று எனக்குத் தெரியும். அகலமான தொப்பியும், கண் மட்டும் தெரியக் கட்டிய பருத்தித் துணியும் கிரீமைவிட அதிகம் காப்பாற்றும். அதற்கு மேல் இரவில் போட டாக்டர் ஒரு கிரீம் எழுதுவார், குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். மேல்தோல் மாறவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், அதனால் எட்டு வாரத்துக்கு முன்னால் மாற்றத்தைத் தேடாதீர்கள். மங்கு மங்கும், திரும்பவும் வரும். "ஒரே சிட்டிங்கில் போய்விடும்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

பீல் என்பது பழத்திலிருந்து வருவது போன்ற அமிலத்தைத் தடவி மேல்தோலை மெதுவாக உரிப்பது. சில நிமிடம் எரியும், மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை தோல் உரியும். கையால் பிய்த்தால் அந்த இடம் கறுத்துவிடும். நம் போன்ற மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் எந்தக் காயத்துக்கும் கறுத்துத்தான் பதில் சொல்லும். லேசரிலும் இதே ஆபத்து. அதனால் கதிரின் அளவைக் குறைவாக வைத்து, இடைவெளி விட்டு, நிதானமாகச் செய்கிறவர்தான் நமக்கு ஏற்ற டாக்டர். தேவையற்ற முடிக்கான லேசர் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு முதல் எட்டுத் தடவை வேண்டும். முடி வெகுவாகக் குறையும், அடியோடு போகாது. கருமையைத் தேடித்தான் அந்தக் கதிர் வேலை செய்கிறது, ஆகவே நரைத்த முடிக்குப் பயன் இல்லை. தாடையில் திடீரென்று முடி வளர்ந்து மாதவிடாயும் தள்ளிப் போனால் லேசருக்கு முன் நீர்க்கட்டிக்குப் பரிசோதனை செய்யுங்கள். பருத் தழும்புக்கு நுண்ணூசி, லேசர் எல்லாம் உண்டு. மாதக்கணக்கில் பல தடவை செய்து பள்ளம் கொஞ்சம் மேடாகும், அவ்வளவே. பரு அடங்கும் முன் தழும்புக்குப் போகக் கூடாது. முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி மூன்று நான்கு மாதம் நிற்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், எங்கள் பக்கம் அதைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

எங்கே போவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. பீல், லேசர் எல்லாம் கிடைக்கிறதோ இல்லையோ, உங்களுக்கு வந்திருப்பது என்ன என்று அங்கே சொல்லிவிடுவார்கள். அதுதான் பாதி வைத்தியம். மதுரைக்குப் போய் ஒரு பேக்கேஜுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அங்கே எழுதித் தரும் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாரிடம் போனால் போர்டில் எம்.டி. தோல் அல்லது அதற்கான டிப்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். நோயின் பெயர் என்ன, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு, எப்போது தெரியும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்க யோசிக்கிறவர் கையில் பணம் கொடுக்க நீங்களும் யோசியுங்கள்.

ஆரம்பிக்கிற அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை, அதே சுவர், அதே நேரம், அதே வெளிச்சம். மதினி எங்கள் வீட்டு நீலச் சுவருக்கு முன்னால்தான் நிற்பாள். கண்ணாடியில் தினமும் பார்க்கும்போது எதுவும் மாறாத மாதிரிதான் இருந்தது. மூன்றாவது போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கன்னத்துச் சிவப்பு குறைந்திருந்தது.

கேரி பேக்கோடு வந்த பெண் இந்தத் தை மாதம் குழந்தைக்குச் சளி மருந்து வாங்க வந்தாள். குனிந்து நெற்றியைக் காட்டினாள். முன் வகிட்டோரம் இரண்டு விரற்கட்டை உயரத்தில் புது முடி வரிசையாக நட்டுக்கொண்டு நின்றது. "எண்ணெய் வச்சாலும் படிய மாட்டேங்குதுண்ணே" என்று சிரித்தாள். இடுப்பில் இருந்த பிள்ளை அதையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.